ஆறிய காயத்துக்கும் ஒரு கொப்பி வேண்டும்

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, 1990களின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், திருகோணமலை நகரின் விளிம்பில் எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் இருந்த சிறிய வெடிபொருள் களஞ்சியம் ஒன்று தீப்பிடித்து வெடித்தது. அன்று எவரும் எவரையும் தாக்கவில்லை. கொட்டிலுக்குள் பற்றிய தீ ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவி, மூன்று மணி நேரம் வரை விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. களஞ்சியம் இருந்த முகாமின் பெயரை நான் எழுதவில்லை. இன்று அது அந்த இடத்தில் இல்லை; அன்று அங்கே காவலில் நின்ற சிப்பாய்களிலும் சிலர் எங்களைப் போலவே காயப்பட்டார்கள். உயிரிழந்தவர் இல்லை என்பதால் பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. நானும் என் அம்மாவும் பக்கத்து வளவில் இருந்த சித்தியின் மகனும் அந்த மூன்று மணி நேரத்தை இன்றுவரை உடம்பில் சுமக்கிறோம். அப்போது எவராவது சொல்லியிருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கும் விடயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது யன்னலைப் பற்றி. 'செல்' எனப்படும் எறிகணை வரும்போது கூவும் சத்தத்துக்கு எங்கள் காது பழகியிருந்தது, கூவினால் படுத்துவிடுவோம். அன்று கூவல் இல்லை. புகை மட்டும் எழுந்தது, பட்டாசு போலச் சிறு சத்தங்கள் கேட்டன. என்ன எரிகிறது என்று பார்க்க நான் கண்ணாடி யன்னலில் முகத்தை வைத்தேன், அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றார். பெரிய வெடிப்பு அப்போதுதான் நிகழ்ந்தது. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபக்ஸ் துறைமுகத்தில் 'மோன் பிளாங்' என்ற வெடிமருந்துக் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதி எரியத் தொடங்கியபோது, நகர மக்களும் இதையேதான் செய்தார்கள். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் அவர்கள் யன்னல்களில் நின்று தீயைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கப்பல் வெடித்தது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேர் வரை காயப்பட்டார்கள். கண்ணாடித் துண்டுகளால் அத்தனை பேர் பார்வை இழந்தது, அடுத்த ஆண்டே அந்த நாட்டில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் உருவாக ஒரு காரணமானது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று இறக்கி வைக்கப்பட்டிருந்த களஞ்சியம் வெடித்தபோதும் முதலில் புகைதான் வந்தது, அதைப் பார்க்கப் பலர் பலகணிகளுக்கும் யன்னல்களுக்கும் வந்து நின்றார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் மனிதரின் கால் யன்னலை நோக்கியே நடக்கிறது.

ஆகவே முகாமோ துறைமுகமோ களஞ்சியமோ எரிவது தெரிந்தால், பார்க்காமல் விலகுங்கள். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரம் செல்லும். அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வெளிச்சம் தெரிந்தால் அதிர்ச்சி அலை வந்து சேர ஒன்றரைச் செக்கன் வரைதான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் திரும்பி, குப்புறப் படுத்து, கண்களை மூடி, காதுகளைக் கைகளால் பொத்தி, வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ள முடியும், ஓட முடியாது. முதல் வெடிப்பு முடிந்ததும் எழுந்து பார்க்கவும் கூடாது, ஏனெனில் களஞ்சியத் தீ பல மணி நேரம் வெடித்துக்கொண்டே இருக்கும். 2016 ஜூன் 5 அன்று கொஸ்கமவில் உள்ள சாலாவ இராணுவ முகாமின் வெடிபொருள் களஞ்சியம் மாலையில் வெடிக்கத் தொடங்கி, இரவிலும் ஓயவில்லை. சுற்றுவட்டார மக்கள் வீடுகளைப் பூட்டக்கூட நேரமில்லாமல் வெளியேறினார்கள். அத்தகைய இடங்களுக்கு அருகில் வாழ்பவர்கள் கட்டிலை யன்னலடியிலிருந்து நகர்த்தி வைப்பதும், அந்தப் பக்கத்து யன்னலுக்குத் தடித்த திரை போட்டு மூடி வைப்பதும் காசு செலவில்லாத பாதுகாப்பு.

இரண்டாவது விடயம் என் தம்பியின் காலைப் பற்றியது. சித்தியின் மகனை நான் தம்பி என்றே அழைப்பேன், அவனுக்கு அப்போது ஒன்பது வயது. வெடிப்பு நடந்த அன்று அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாம் நாள் காலையில் பனை வடலிக்குள் கிடந்த ஏதோ ஓர் இரும்பை அவன் பந்து போல உதைத்தான். களஞ்சியம் வெடிக்கும்போது உள்ளே இருக்கும் எல்லாம் வெடித்துவிடுவதில்லை. பாதி வெந்தும் வேகாமலும் தூக்கி வீசப்படுபவை வளவுகளிலும் கிணறுகளிலும் கூரைகளிலும் போய் விழுகின்றன, சூடும் அதிர்ச்சியும் பட்டதால் முன்பிருந்ததைவிட ஆபத்தான நிலையில் கிடக்கின்றன. இதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அதன்பிறகு நான் கற்றுக்கொண்ட வழி இதுதான். வெடிப்புக்குப் பின் வீடு திரும்பும்போது பிள்ளைகளை முதலில் வளவுக்குள் விடாதீர்கள். குப்பை கொளுத்தாதீர்கள். கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள். அறிமுகமில்லாத இரும்பு கண்ணில் பட்டால் நின்ற இடத்தில் நின்று, வந்த தடத்திலேயே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். அயலவர் ஒருவர் கை வைத்து அகற்ற முன்வந்தால் அவரைத் தடுப்பதும் உங்கள் பொறுப்பு.

அன்று மாலை வைத்தியசாலையில் எனக்கு முகத்திலிருந்து கண்ணாடித் துண்டுகள் எடுத்தார்கள், வலது கண்ணில் தையல் போட்டார்கள், தொடையில் இருந்த ஓர் ஓட்டைக்குக் கட்டுப் போட்டார்கள், ஏற்புவலித் தடுப்பூசி போட்டார்கள். நெரிசலிலும் மருந்துத் தட்டுப்பாட்டிலும் அந்த வாட்டில் வேலை செய்த வைத்தியர்களையும் மிஸ்ஸிமாரையும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் இரத்தம் வந்த இடங்களை மட்டுமே அன்று பார்த்தார்கள். இடது காதிலிருந்து நீர் போல ஏதோ வடிந்ததை நானும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. சுவரில் தூக்கி எறியப்பட்ட அம்மாவுக்குக் காயமே இல்லை என்று எழுதி அன்றிரவே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் நான் வீடு வந்தபோது 'இனிப் பயமில்லை, எல்லாம் ஆறிவிடும்' என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லை நாங்கள் முழுமையாக நம்பினோம்.

வெடிப்பின் அழுத்த அலை காற்று நிறைந்த உறுப்புகளைத்தான் முதலில் தேடிச் செல்லும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். காது, நுரையீரல், குடல் ஆகிய மூன்றுக்கும் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே கேடு விளையலாம். அதிலும் செவிப்பறை மிக எளிதில் கிழியும். கிழிந்த செவிப்பறைகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும். அதுவரை காதுக்குள் நீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எண்ணெய் விடக் கூடாது. எனக்கு இரண்டும் நடந்தன. பாட்டி அன்போடு காய்ச்சி விட்ட நல்லெண்ணெயும், உப்புவெளிக் கடலில் நான் போட்ட முழுக்கும் அந்தக் காதை ஆற விடவில்லை. இருபத்து மூன்றாம் வயதில் காதிலிருந்து துர்நாற்றத்தோடு சீழ் வடியத் தொடங்கியது. சளி என்று நினைத்து இரண்டு ஆண்டுகள் துளிமருந்து விட்டேன். வெடிப்பின்போது செவிப்பறைத் தோலின் துணுக்குகள் உள்ளே தள்ளப்பட்டு, அங்கேயே வளர்ந்து, காதைச் சுற்றிய எலும்பை அரிக்கத் தொடங்கியிருந்தன. இதைக் கொலஸ்டியற்றோமா என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் முக நரம்பையும் மூளையையும்கூடத் தொட்டுவிடும். மருந்தால் தீராது, சத்திரசிகிச்சைதான் வழி. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து அதை அகற்றினார்கள். கேட்கும் திறனில் பாதி போய்விட்டது, இரைச்சல் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த இரைச்சலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதை வெளியே சொல்வதில்லை. இரவில் விளக்கை அணைத்ததும் வண்டு ஒன்று தலைக்குள் நுழைந்தது போல இருக்கும். முழு அமைதியில் அது கூடும். மின்விசிறிச் சத்தமோ மெல்லிய வானொலியோ இருந்தால் குறைந்தது போலத் தோன்றும். அதைத் துரத்த முயன்ற காலத்தில் எனக்கு நித்திரை போனது. அது இருக்கட்டும் என்று விட்ட பிறகுதான் நித்திரை வந்தது. நான் கணித ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகள் என் வலது பக்கத்தில் இருக்கும்படி நின்றுதான் கற்பிக்கிறேன், தவணை தொடங்கும் முதல் நாளிலேயே 'இந்தப் பக்கக் காது எனக்குக் கேளாது, கையை உயர்த்திவிட்டுப் பேசுங்கள்' என்று சொல்லிவிடுகிறேன். அதை மறைத்து வைத்திருந்த முதல் ஐந்து ஆண்டுகளில் 'ரீச்சருக்குத் தலைக்கனம், கூப்பிட்டால் திரும்பமாட்டா' என்ற பெயரைத்தான் சம்பாதித்தேன். காது கேட்கும் கருவி வாங்குபவர்கள் முதலில் ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்கில் ஓடியோகிராம் என்ற கேட்டல் சோதனை எடுத்து, எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவு என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டினால் இரைச்சல்தான் பெருகும்.

கண்ணின் கதை இன்னும் மெல்ல நடந்தது. தையல் போட்ட கண் நன்றாகத்தான் பார்த்தது. இருபத்தாறு வயதில் அந்தக் கண்ணில் மட்டும் புகை மூட்டம் போல வந்தது. அடிபட்ட கண்ணில் வயதுக்கு முந்தி வரும் வெண்புரை என்றார்கள், வில்லை மாற்றினார்கள், மறுபடியும் தெளிந்தது. முப்பத்திரண்டு வயதில், வேறு எதற்கோ கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண்ணின் உள்ளழுத்தம் இரு மடங்கு இருப்பதாகச் சொன்னார்கள். வெடிப்பு நடந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்ணில் பலமாக மோதல் ஏற்படும்போது, உள்ளே நீர் வடியும் கோணத்தின் தசை கிழிந்து பின்வாங்கலாம். கிழிந்த அன்று ஒன்றும் தெரியாது. வடிகால் சிறிது சிறிதாக அடைபட்டுப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூட அழுத்தம் ஏறும். நோவு இருக்காது, சிவப்பு இருக்காது, பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. எனக்கு மூக்குப் பக்கத்து ஓரப் பார்வை சிறிது போய்விட்டது. மிச்சத்தைத் துளிமருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது. கண்ணில் வெடிப்போ கல்லோ பந்தோ பலமாகப் பட்ட எவரும், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை உள்ளழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை யாராவது எனக்குப் பதினைந்து வயதில் எழுதித் தந்திருந்தால் அந்த ஓரமும் என்னிடம் இருந்திருக்கும்.

உடம்புக்குள் தங்கிய துண்டுகளை எங்கள் ஊரில் 'பீஸ்' என்றுதான் சொல்வோம். 'உள்ளுக்குப் பீஸ் இருக்கு, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்' என்று சொல்லி வாழ்பவர்கள் கிழக்கு முழுவதும் இருக்கிறார்கள். அது பல நேரங்களில் சரியான ஆலோசனையும்கூட, ஏனெனில் ஆழத்தில் ஆடாமல் கிடக்கும் துண்டைத் தோண்டி எடுப்பதால் வரும் சேதம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் எல்லாப் பீசும் ஒன்றல்ல. கண்ணுக்குள் இருக்கும் இரும்புத் துண்டு துருப்பிடித்து விழித்திரையை அழிக்கும். மூட்டுக்குள் இருக்கும் ஈயம் மூட்டு நீரில் கரைந்து இரத்தத்தில் ஏறும்; கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கழித்துச் சீழ் கட்டுவதும் உண்டு. என் தொடையில் இருந்ததை நானே மறந்துவிட்டேன். முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது 'உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா' என்ற கேள்விக்கு இல்லை என்று கையொப்பம் இட்டுவிட்டு, உடை மாற்றும்போது தழும்பைக் கண்டுதான் திடுக்கிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம். இரும்புத் துண்டை உள்ளேயே அசைத்துவிடும், கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். முதலில் எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவெடுத்தார்கள். வெடிவிபத்தில் காயப்பட்டவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்னர் இதைத் தாமாகவே சொல்ல வேண்டும்.

தம்பிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வளரும் பிள்ளையின் காலை அகற்றும்போது இன்னொரு சிக்கல் உண்டு. வெட்டுப்பட்ட எலும்பின் நுனி கூராக வளர்ந்து தோலைக் குத்தும். பதினாறு வயதுக்குள் அவனுக்கு இரண்டு முறை மறு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. முதல் பொய்க்கால் ஒன்றரை ஆண்டில் கட்டையாகிவிட்டது, ஏனெனில் மற்றக் கால் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் போவது எங்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாத பயணம். 2002இல் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி திறந்த பிறகுதான் சித்தி அவனை யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் கால் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அளவெடுத்துக் கொடுத்த காலோடுதான் அவன் முதன்முறையாகக் கோணேசர் கோயில் ஏற்றத்தைத் தடியில்லாமல் ஏறினான்.

இன்று அவனுக்கு முப்பது வயதுக்கு மேல். அவன் சொல்வதையே இங்கே தருகிறேன், ஏனெனில் இதில் நான் வெளியாள். எஞ்சிய கால் நுழையும் பொய்க்காலின் கிண்ணம் சரியாகப் பொருந்தினால் மற்றதெல்லாம் பிறகு. உடம்பு மெலிந்தாலும் பருத்தாலும் பொருத்தம் மாறும். மாறியும் அதே காலைப் போட்டு நடந்தால் புண்தான். எங்கள் ஊர் வெக்கையில் நண்பகலுக்குள் உறை நனைந்துவிடும், ஆகவே பையில் இரண்டு மாற்று உறைகள் எப்போதும் இருக்க வேண்டும். இரவில் எஞ்சிய காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரை மணல் பாதத்தின் மூட்டுக்குள் புகுந்தால் அன்றைக்கே துப்புரவாக்க வேண்டும். பலர் மறக்கும் இன்னொன்று நல்ல கால். அவனுடைய வலது முழங்கால் இப்போதே தேயத் தொடங்கிவிட்டது, இருபது ஆண்டுகளாக இரண்டு காலின் பாரத்தையும் அதுதான் தாங்கியது. 'அக்கா, போன காலுக்கு எல்லாரும் வைத்தியம் பார்த்தாங்க, இருக்கிற காலை ஒருத்தரும் பார்க்கேல்ல' என்று அவன் ஒருநாள் சொன்னான். இல்லாத பாதம் இரவில் நோவதாக அவன் சொன்னபோது முதலில் நாங்கள் நம்பவில்லை, சித்தி அழுதார். அது மனப்பிரமை அன்று. வெட்டப்பட்ட நரம்பும் மூளையும் இன்னமும் அந்தப் பாதத்தைத் தேடுவதால் வரும் மெய்யான நோவு. நிலைக்கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவே வைத்து, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி பாதத்தை மெல்ல அசைக்கும் பயிற்சி அவனுக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியது.

அம்மாவைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. காயமில்லை என்று அனுப்பப்பட்டவர் அவர். அடுத்த சில மாதங்களில் அடுப்பில் வைத்ததை மறந்தார், பெயர்கள் வாயில் வராமல் நின்றன, தலையிடி விடவில்லை, பொறுமைக்குப் பெயர்போனவர் தட்டுகளைப் போட்டுடைக்கும் அளவுக்குக் கோபப்பட்டார். தலை சுவரில் மோதியதாலும் அழுத்த அலையாலும் மூளை குலுங்கியதன் விளைவாக இருக்கலாம் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு வைத்தியர் சொன்னார். இரத்தக் கசிவு இல்லாவிட்டாலும் இப்படி நேருமாம். 'வயது போகுது' என்றும் 'செய்வினை' என்றும் ஊரார் சொன்னதைக் கேட்டு நாங்களும் நேர்த்தி வைத்தோமே தவிர, அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவில்லை. மூடிய யன்னல் உள்ள அறையில் அவரால் இன்றும் உறங்க முடியாது, விறாந்தையில்தான் படுக்கிறார். தீபாவளிக்கும் கோயில் வேட்டைத் திருவிழாவுக்கும் போடும் வெடி, வைகறையில் கடலில் யாரோ சட்டவிரோதமாக டைனமைற் போட்டு மீன் பிடிக்கும் சத்தம், கல்லுடைக்கும் இடத்தின் அதிர்வு எல்லாம் அவருக்கு ஒரே சத்தம்தான். மார்பைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்துவார், நான் அவர் பக்கத்தில் நின்றாலும்.

மனநல கிளினிக்குக்குப் போவதற்கு அவர் சம்மதிக்க இருபது ஆண்டுகள் ஆயின. 'எனக்குப் பைத்தியமா பிள்ளை?' என்று வாசலில் நின்று கேட்டார். உள்ளே இருந்த பெண் வைத்தியர் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, 'இல்லை அம்மா, உங்கட உடம்பு அந்த நாளிலயிருந்து காவலுக்கு நிற்குது, அதைக் கொஞ்சம் இருத்தி ஆறவிடப் போறம்' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். மாத்திரையும், சத்தத்துக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து இப்போது நித்திரை ஓரளவு வந்திருக்கிறது. வீட்டில் நாங்கள் செய்வது எளியது. திருவிழா நாட்களில் எத்தனை மணிக்கு வெடி என்று கோயிலில் கேட்டு அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பின்னாலிருந்து தொடுவதில்லை. அவர் பயப்படும்போது 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று சொல்வதை நிறுத்திவிட்டு, 'நாங்கள் வீட்டில் இருக்கிறோம், இது கோயில் வெடி' என்று நடப்பதைச் சொல்கிறோம். அருகில் கிளினிக் இல்லாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

இனிக் கடதாசிகளைப் பற்றி. எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதில்தான் என்று இப்போது நினைக்கிறேன். போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது, வீதி விபத்துக்குக் காப்புறுதி இருந்தது. எவரும் தாக்காமல் களஞ்சியம் வெடித்து வந்த காயத்துக்கு ஒரு பத்தியும் இருக்கவில்லை. அலுவலகம் ஒன்றில் அப்பாவிடம் 'யார் அடித்தது?' என்று கேட்டார்கள். ஒருவரும் அடிக்கவில்லை என்றார் அப்பா. அப்படியானால் இந்தப் படிவம் உங்களுக்கு உரியதல்ல என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு எந்த அலுவலகப் படியும் ஏறவில்லை. என் நோய் நிர்ணய அட்டையும் தம்பியின் எக்ஸ்றே படங்களும் சித்தி வீட்டுத் தகரப் பெட்டியில் ஒன்றாக இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்தப் பெட்டியையும் கொண்டு போனது. பிறகு வைத்தியசாலையில் கேட்டபோது அந்த ஆண்டின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றார்கள். பதினேழாம் ஆண்டில் கண் அழுத்தம் ஏறியபோது, அந்தக் கண்ணில் எப்போது எதனால் அடிபட்டது என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இலங்கைச் சட்டத்தில், இழைக்கப்பட்ட தீங்குக்கு நட்டஈடு கோரும் வழக்குக்குப் பொதுவாக 2 ஆண்டுகள்தான் அவகாசம். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது 1 மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அந்த ஒரு மாதத்தில் காயப்பட்டவர் வாட்டில் படுத்திருப்பார், வீட்டார் இரத்தத்துக்கும் மருந்துக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள். செவிப்பறையின் கேடு எட்டு ஆண்டில் தெரிந்தது, கண்ணின் கேடு பதினேழு ஆண்டில், தம்பியின் முழங்கால் இருபது ஆண்டில். சட்டத்தின் நாட்காட்டியும் உடம்பின் நாட்காட்டியும் ஒன்றாக ஓடவில்லை. இது மாற வேண்டும் என்பதை நான் மனதார நம்புகிறேன். முடியாத காரியமும் அன்று. ஹாலிஃபக்சில் காயப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் வழங்க 1918இல் அமைத்த நிவாரண ஆணைக்குழு 1976 வரை இயங்கியது. குழந்தையாக இருந்தபோது கண் இழந்தவர் முதுமை அடையும் வரை அவருடைய கோப்பு திறந்தே இருந்தது.

எங்கள் கோப்பை நாங்களேதான் திறந்து வைத்திருக்க வேண்டியிருப்பதால், இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வாட்டிலிருந்து வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையில் சம்பவத்தின் திகதியும் 'வெடிவிபத்து' என்ற சொல்லும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பணிவோடு கேட்டு எழுதுவித்துக்கொள்ள வேண்டும். பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தைக் குறித்து வைப்பதும், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படுவதும் முதல் நாட்களிலேயே நடக்க வேண்டும். கிராம அலுவலரிடம் ஒரு கடிதமும், சேதமடைந்த வீட்டினதும் காயத்தினதும் திகதியிட்ட படங்களும் வேண்டும். காயமில்லை என்று சொல்லப்பட்டவரின் பெயரையும் அந்தக் கடிதத்தில் சேர்ப்பித்துவிடுங்கள். அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வெளியூரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைத்தால் கடலும் கறையானும் தீண்டாது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காலக்கெடு முடிந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாமல், குறிப்பாகக் காயப்பட்டவர் அப்போது பிள்ளையாக இருந்திருந்தால், ஒருமுறை போய்க் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பதிவுகளைக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

பிறகு ஒரு கொப்பி. வைத்தியசாலை தரும் கிளினிக் கொப்பி நிரம்பியதும் மாறிவிடும். இது மாறாத கொப்பி. எண்பது பக்கச் சாதாரணக் கொப்பியின் முதல் பக்கத்தில் சம்பவத் திகதி, தூரம், நின்ற நிலை, அடிபட்ட இடங்கள், உள்ளே இருக்கும் துண்டுகள், போட்ட ஊசிகள் ஆகியவற்றை எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கங்களில் ஆண்டுக்கொரு வரி: கண் அழுத்தம் எவ்வளவு, ஓடியோகிராம் என்ன சொல்கிறது, தழும்பில் மாற்றம் உண்டா என்று. ஆறாத தீத்தழும்போ பழைய புண்ணோ பல ஆண்டுகள் கழித்துத் தடித்து வெடித்தால் உடனே காட்ட வேண்டும் என்பதால் தழும்புக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். தம்பிக்கும் அம்மாவுக்கும் இதேபோல ஆளுக்கொன்று.

சாலாவ வெடித்துப் பத்தாண்டு அளவு ஆகிறது. 2010 செப்டெம்பர் 17 அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு பொலிஸ் நிலையத்தில், வீதி வேலைக்கென்று வைக்கப்பட்டிருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்த நாளுக்குப் பிறகு அதைவிடக் கூடுதலான காலம் போய்விட்டது. 1979 முதல் உலகில் 100க்கும் அதிகமான நாடுகளில் 600க்கும் அதிகமான தடவைகள் வெடிபொருள் களஞ்சியங்கள் திட்டமிடாத வகையில் வெடித்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டின் அந்த இரு இடங்களிலும் காயப்பட்டுத் தப்பியவர்கள், என் காதும் கண்ணும் கெடத் தொடங்கிய ஆண்டுகளுக்குள் இப்போது வந்திருக்கிறார்கள், அல்லது வரப்போகிறார்கள். உங்கள் உறவிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதத்துக்குள் அவரைக் கண் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, 'இந்தக் கண்ணில் இத்தனையாம் ஆண்டு வெடிவிபத்தில் அடிபட்டது, உள்ளழுத்தத்தையும் கோணத்தையும் பாருங்கள்' என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். காதில் நாற்றமுள்ள வடிதல் இருந்தால் துளிமருந்தோடு நிறுத்தாமல் ஈ.என்.டி. வைத்தியரிடம் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்ததும் திகதியைப் போட்டு எழுதி வையுங்கள்.